ரேடியோக்காரர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பண்பலை, அதாவது எஃப்.எம். பற்றியவை. மிக்ஸி, டி.வி. ரிமோட் கேள்விகளெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகின்றன. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

தக்காளித் தோட்டத்தில் நாள் முழுக்க ரேடியோ ஓடும். நான் தருமபுரி 102.5 வைத்தால், மகன் வந்து தனியார் எஃப்.எம். தேடித் திருகுகிறான். உங்கள் ஓட்டு யாருக்கு? (பாலக்கோடு)

102.5க்குத்தான், ஐயா. இத்தனை ஆண்டுகள் கடையில் வேலை செய்தபோதும் பின்னால் ஓடியது அதுதான். ஆனால் அங்கே போடும் பாட்டுகளுக்காக இல்லை. பாட்டு எங்கே போட்டாலும் அதே பாட்டு. அதற்கு முன்னும் பின்னும் என்ன சொல்கிறார்கள் என்பதை வைத்தே நான் ஒரு நிலையத்தை எடைபோடுவேன்.

102.5 ஆகாசவாணி நிலையம். அங்கே படத்தின் பெயர், பாடியவர்கள், எழுதியவர், இசையமைத்தவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் பாட்டு. சலிப்பாக இருக்கிறது என்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்களுக்கு மருதகாசியும் உடுமலை நாராயணகவியும் தெரிந்தார்கள். இல்லாவிட்டால் பழைய பாட்டு எல்லாவற்றையும் கண்ணதாசன் கணக்கில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இன்றைக்கும் என் நண்பர்களில் பாதிப் பேர் அப்படித்தான்.

தனியார் நிலையங்களில் எனக்கு ஆகாத ஒன்று, முன்னிசை ஓடும்போதே அதன் மேல் பேசுவது. அந்தச் சில விநாடி வயலினுக்காக ஸ்டூடியோவில் எத்தனை பேர் வரிசையாக உட்கார்ந்து வாசித்திருப்பார்கள்! தொகுப்பாளர் தன் சிரிப்பைப் பாட்டு முடியும்வரை வைத்திருக்கக் கூடாதா?

இன்னொன்று. மாரண்டஅள்ளி, பிக்கனஅள்ளி என்று 'அள்ளி'யில் முடியும் நம் ஊர்ப் பெயர்களைத் தடுமாறாமல் வாசிக்க உள்ளூர் நாக்கு வேண்டும். நேயர் விருப்பத்தில் நம் ஊர் பெயர் சரியாக ஒலிக்கும்போது, களை எடுக்கிறவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெருநகரத்திலிருந்து பேசுகிறவரிடம் அந்தப் பெயரைக் கொடுத்துப் பாருங்கள், தெரியும்.

மகன் பக்கமும் நியாயம் உண்டு. புதுப் பாட்டு அங்கேதான் முதலில் வரும். பேச்சில் துடிப்பு இருக்கும். மத்தியானத்துக்கு மேல் அவனிடம் விட்டுவிடுங்கள். காலை மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் பெங்களூரு நிலையங்கள் மணி போலக் கேட்கின்றன. தருமபுரி கரகரக்கிறது. 102.5இல் கொஞ்சம் கை பட்டாலும் கன்னடம் வந்துவிடுகிறது. வழி உண்டா? (சூளகிரி)

உண்டு. முதலில் காரணம். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிற அலை. கோபுரத்துக்கும் உங்கள் ரேடியோவுக்கும் நடுவே குன்றோ மேடோ வந்தால் அந்த அளவுக்கு வலு குறையும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் நோக்கிப் போகப் போக நிலம் ஏறிக்கொண்டே போகிறது. தருமபுரி உங்களுக்குத் தெற்கே, தாழ்வில் இருக்கிறது. பெங்களூரு அந்த மேட்டு நிலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது, பக்கத்து வீட்டுத் தகராறு. ஆகாசவாணியின் பொழுதுபோக்குச் சேவையான விவித் பாரதி பெங்களூரில் 102.9. உங்கள் தருமபுரி 102.5. மலிவான ரேடியோவால் இவ்வளவு நெருக்கமான இரண்டைப் பிரித்து எடுக்க முடியாது. வலுவானது மெலிந்ததை அமுக்கிவிடும். முள் நகரும் பழைய பெட்டியைவிட எண் காட்டும் ரேடியோவில் இந்தத் தொல்லை குறைவு.

இனி வைத்தியம். 102.5 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 2.93 மீட்டர். அதில் கால் பங்கு 73 செ.மீ.; கம்பியில் அதைச் சற்றுக் குறைத்து 70 செ.மீ. வைக்க வேண்டும். அந்த அளவில் இரண்டு செம்புக் கம்பிகளை வெட்டி, ஒரு மூங்கில் கழியில் இடமும் வலமுமாகக் கிடையாகக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. விரல்கடை இடைவெளி போதும். அந்த இரண்டு உள்நுனிகளிலிருந்தும் இரட்டை ஒயரை இறக்கி ரேடியோவின் ஆன்டெனா முனைகளில் இணையுங்கள். இழுத்து நீட்டும் கம்பி மட்டுமே உள்ள சிறு ரேடியோ என்றால், ஒரு ஒயரை அந்தக் கம்பியிலும் மற்றதை உள்ளே பேட்டரியின் மைனஸ் முனையிலும் வையுங்கள்.

கழியைக் கூரைக்கு மேல் உயர்த்தி, கம்பிகள் கிழக்கு மேற்காக இருக்கும்படி நிறுத்துங்கள். கம்பியின் நுனி நிலையத்தைப் பார்த்தால் ஒலி மெலியும். அதன் பக்கவாட்டு நிலையத்தைப் பார்க்க வேண்டும். பிறகு வீட்டுக்குள் ஒருவரை ரேடியோ பக்கத்தில் நிற்க வைத்து, நீங்கள் மேலே மெதுவாகத் திருப்புங்கள். "இப்போது? இப்போது?" என்று கத்துவது தவிர்க்க முடியாத சடங்கு. டி.வி. ஆன்டெனா காலத்தவர்களுக்குப் பழக்கம் இருக்கும்.

இடி மின்னல் வந்தால் ஒயரைக் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது.

சேலம் போகிற பஸ்ஸில் தொப்பூர் கணவாய் வந்ததும் பாட்டு கரகரத்து நின்றுவிடுகிறதே? (நல்லம்பள்ளி)

மலை, தம்பி. மேலே சொன்ன அதே கதை. அங்கே பாட்டைவிட டிரைவர் சாலையைப் பார்ப்பது முக்கியம்.

சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் இலங்கை வானொலி பக்கத்து அறையில் ஒலிப்பதுபோலக் கேட்கும். 50 கி.மீ. தள்ளி இருக்கும் பண்பலையோ மலைக்கு அந்தப் பக்கம் போனால் கேட்பதில்லை. கடல் தாண்டி வந்தது எப்படி? (அரூர்)

அது வேறு அலை, ஐயா. சிற்றலையும் மத்திய அலையும் வானத்தில் உயரே உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே விழும். பகலில் சூரிய ஒளியால் உருவாகும் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, அலை மேலே போய்த் திரும்பும். அதனால்தான் பகலில் முனகும் நிலையம் இரவில் கணீரென்று வரும். திருச்சியின் 936ஐ இருட்டிய பிறகு தேடிப் பாருங்கள், புரியும். பண்பலை அலை அந்த மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும், திரும்பாது.

நம்மவர்கள் இலங்கைக்குக் காதைக் கொடுத்ததற்கு அலை மட்டும் காரணமில்லை. 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் அது கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டது. நாடே இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பியது. தாங்க முடியாமல் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்கினார்கள். அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனும், பின்னால் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டு வீடுகளில் குடும்பத்தில் ஒருவர் போல ஆகிவிட்டார்கள். ரசனையை அரசு உத்தரவால் திருத்தப் பார்த்தால் இப்படித்தான் ஆகும்.

தனியார் எஃப்.எம்.களில் ஏன் செய்தி வருவதில்லை? (காவேரிப்பட்டணம்)

சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம்.

எல்லாப் பாட்டும் செல்போனில் இருக்கிறது. ரேடியோ எதற்கு? (கிருஷ்ணகிரி, கல்லூரி மாணவர்)

உனக்குப் பிடித்ததை மட்டும் கேட்பதற்குச் செல்போன் போதும், தம்பி. உனக்குப் பிடிக்கும் என்று உனக்கே தெரியாத பாட்டை யார் போடுவார்கள்?

இன்னொரு செய்தி: உன் செல்போனுக்குள்ளேயே எஃப்.எம். இருக்கக்கூடும். இயர்போனைச் செருகினால்தான் வேலை செய்யும், ஏனென்றால் அதன் ஒயர்தான் ஆன்டெனா. சில நிறுவனங்கள் அந்த வசதியை மூடி வைத்து விற்றன; பேரிடர் நேரத்தில் பயன்படும், மூடாதீர்கள் என்று 2023இல் மத்திய அரசே அறிவுறுத்தியது. புயலிலோ வெள்ளத்திலோ செல்போன் கோபுரம் செத்துவிட்டால் டேட்டா இல்லை, பாட்டுச் செயலியும் இல்லை. ரேடியோ பேசும்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். அதை ஏன் எஃப்.எம்.இல் நிறைய கேட்க முடிவதில்லை? (பென்னாகரம்)

என் ஆதங்கமும் அதுதான். ஓர் இரவு முழுக்க நடப்பதை அரை மணி நேரத்துக்குள் அடைக்கப் பார்த்தால், கட்டியங்காரன் வந்து வணக்கம் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆனால் கூத்தில் ஊதும் முகவீணையின் அந்தக் கூர்மையான குரலைப் பதிவுசெய்து அனுப்பப் பண்பலையைவிடத் தோதான இடம் கிடையாது. மத்திய அலை வாங்கிகளில் உச்ச ஒலிகள் மழுங்கிவிடும். பண்பலை 15 கிலோஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். கூத்துச் சபைகள் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. வாரம் ஓர் இரவு, விளம்பரம் இல்லாத நேரத்தில், ஒரு கதையைத் தொடராகப் போடலாம். உங்கள் ஊர்க்காரர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுதுங்கள். அஞ்சல் அட்டையை அவர்கள் இன்னும் படிக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

மாமியார் விடியற்காலையில் நிலையம் தொடங்கும் அடையாள இசையிலேயே ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்துவிடுகிறார். தூக்கம் போகிறது. என்ன செய்ய? (காரிமங்கலம்)

அம்மா, குடும்ப வழக்கில் தலையிடுவது என் வேலையில்லை. ஆனால் ஆகாசவாணியின் அந்த அடையாள இசையை அமைத்தவர் யார் தெரியுமா? நாஜிகளுக்குத் தப்பி 1934இல் பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன் என்ற யூத இசைக்கலைஞர். இதை மாமியாரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கும் கதைகள் கூடும். சத்தம் குறையும் என்று உறுதி தர மாட்டேன்.

அதற்கு வேறு வழி: ரேடியோவைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். மூலையில் இருக்கும் பெட்டியின் அடித்தொனியைச் சுவர் பெருக்கிக் காட்டும். அப்படியும் சத்தம் வேண்டும் என்றால் அவருக்குக் காது பரிசோதனை தேவைப்படலாம். அதைச் சொல்ல மகனை அனுப்புங்கள், நீங்கள் போகாதீர்கள்.

தாத்தாவின் மரப்பெட்டி ரேடியோ பரணில் கிடந்தது. முள் நகரவில்லை. எஃப்.எம்.மும் இல்லை. பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாமா? (போச்சம்பள்ளி)

போடாதீர்கள். முள் நகராததற்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே சக்கரங்களைச் சுற்றி ஓடும் நூல் அறுந்திருப்பது. நீளாத நைலான் நூல் வாங்கி, பழைய சுற்று வழியைப் படம் வரைந்துகொண்ட பிறகே பழையதைக் கழற்றுங்கள். நடுவில் இருக்கும் சிறு சுருள் நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அது துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள்.

எஃப்.எம். வேண்டுமென்றால் சின்ன எஃப்.எம். போர்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கிறது. பழைய இயந்திரத்தைத் தொடாமல், பெட்டியின் காலி மூலையில் அதைப் பொருத்தி, ஸ்பீக்கருக்கு மட்டும் ஒரு சுவிட்ச் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வால்வு ரேடியோ என்றால் மின்சாரத்தை நிறுத்தி வெகு நேரம் ஆன பிறகும் உள்ளே கை வைக்காதீர்கள், மின்தேக்கிகள் அடிக்கும். அதை மட்டும் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கூலி எவ்வளவு கேட்டார் என்று எழுதுங்கள், நியாயமா என்று சொல்கிறேன்.