சதை அழற்சி நோய் பரம்பரையாக வருமா? – கேள்வி பதில்

மதுரையில் ஒரு கல்லூரியில் 28 வருடம் மரபியல் சொல்லிக்கொடுத்தேன். என் தங்கைக்கு டெர்மட்டோமயோசைட்டிஸ் (தோலையும் தசையையும் தாக்கும் அழற்சி நோய்) வந்து 14 வருடம் ஆகிறது. இந்த இரண்டு காரணத்தாலும், தசை அழற்சி நோய் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் மருத்துவர் இல்லை, மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். மற்றதைத் தெரிந்தவரை சொல்கிறேன். இந்த மாதம் வந்த கேள்விகள் இவை.

மேலூரிலிருந்து: டீச்சர், எங்க அம்மாவுக்குப் பாலிமயோசைட்டிஸ் (தசை அழற்சியில் ஒரு வகை). எனக்கு வயசு 24. அடுத்த மாசம் பெண் பார்க்க வர்றாங்க. எனக்கும் வரும்னு சொல்லி வைக்கணுமா?

வேண்டாம்மா. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வந்தே தீரும் என்கிற வகை நோய் இல்லை இது. ஒரே ஒரு மரபணு கெட்டுப்போய் வருவதும் இல்லை. பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் சாய்வைக் கொடுக்கும். அதற்கு மேல் தொற்று, வெயில், சில மருந்து என்று வெளியிலிருந்து ஏதாவது வந்து சேர வேண்டும்.

ஸ்வீடனில் நாடு முழுவதும் குடும்பங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, நோயாளியின் பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்புக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று தெரிந்தது. நான்கு மடங்கு என்றதும் பயந்துவிடாதே. ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிற நோய் இது. நான்கால் பெருக்கினாலும் லட்சத்தில் நான்கு பேர்தான். தைராய்டு, முடக்குவாதம் போல உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் வேறு நோய்கள் இப்படிப்பட்ட குடும்பங்களில் கொஞ்சம் கூடுதலாக இருப்பதுண்டு. அதையும் ஒரு தகவலாக மனதில் வைத்துக்கொள், போதும்.

அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அந்த வீட்டாரிடம் தாராளமாகச் சொல். பரம்பரை நோய் என்று நீயாகச் சேர்த்துச் சொல்லாதே, அது உண்மை இல்லை.

கே.கே.நகரிலிருந்து: ஹெச்.எல்.ஏ. ஜீன்தான் காரணம் என்று படித்தேன். வீட்டில் எல்லோரும் அந்த டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா மேடம்?

முதலில் ஹெச்.எல்.ஏ. என்னவென்று பார்ப்போம். அநேகமாக நம் ஒவ்வொரு செல்லும் உள்ளே இருக்கும் புரதங்களை நறுக்கி, அந்தத் துண்டுகளை வெளிப்புறத்தில் ஏந்திக் காட்டுகிறது. சீர்வரிசைத் தாம்பாளத்தை ஊரார் பார்க்க ஏந்தி வருவது போல என்று வகுப்பில் சொல்வேன். அந்தத் தாம்பாளம்தான் ஹெச்.எல்.ஏ. பார்க்க வருபவை எதிர்ப்பு அணுக்கள். தாம்பாளத்தின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். சில வடிவங்களில் நம் சொந்தப் புரதத்தின் துண்டு உட்காரும் விதம், அதை அந்நியப் பொருள் என்று அணுக்களை நினைக்க வைத்துவிடுகிறது.

இந்த மரபணுக்கள் 6-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் நெருக்கமாக இருப்பதால், பல சேர்ந்து ஒரே கட்டாகப் பிள்ளைக்குப் போகும். ஐரோப்பியர்களிடம் பி8, டி.ஆர்.3 என்கிற ஹெச்.எல்.ஏ. வடிவங்கள் அடங்கிய '8.1' என்கிற கட்டுதான் இந்த நோயோடு மிக வலுவாக ஒட்டி வருகிறது. ஜோ-1 எதிர்ப்பொருள் (சில நோயாளிகளின் இரத்தத்தில் காணப்படும் ஒரு ஆன்டிபாடி) உள்ளவர்களிடம் இது இன்னும் தெளிவு. ஆனால் நம் நாட்டில் அந்தக் கட்டு அப்படியே கிடைப்பது அரிது. பி8-டி.ஆர்.3 இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள துண்டுகள் வேறு. ஜப்பானியர்களிடம் முன்னுக்கு வருபவை வேறு வகைகள். அதனால் ஐரோப்பியக் கணக்கை வைத்து மதுரைக்காரருக்குப் பலன் சொல்லக் கூடாது.

டி.ஆர்.3 உள்ள பெரும்பாலானோருக்கு ஆயுள் முழுக்க இந்த நோய் வருவதே இல்லை. ஆரோக்கியமாக இருப்பவர் இந்த டெஸ்டுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நோய் வந்தவருக்கு உதவுவது மயோசைட்டிஸ் ஆன்டிபாடி பேனல். அது இரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளைப் பார்ப்பது, மரபணு டெஸ்ட் இல்லை.

உசிலம்பட்டி பக்கத்திலிருந்து: அண்ணனுக்கு 22 வயசுல மாடி ஏற முடியாமப் போச்சு. சி.பி.கே. (தசை பாதிச்சா ரத்தத்துல ஏறுற நொதி) 9,000. பாலிமயோசைட்டிஸ்னு மூணு வருஷமா ஸ்டீராய்டு, முகம் வீங்கினதுதான் மிச்சம். இப்ப 20 வயசுல தங்கச்சிக்கும் அதே மாதிரி ஆரம்பிக்குது. அப்பா அம்மா மாமன் மகள், அத்தை மகன். ரெண்டு பேருக்கும் சேர்ந்து வருமா அக்கா?

தம்பி, இந்த மாதத்தின் முக்கியமான கேள்வி உன்னுடையதுதான். இதை அழற்சி நோய் என்று முடிவுகட்டும் முன், தசைச் சிதைவு நோயா (மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி) என்று பார்த்தே ஆக வேண்டும்.

தசை அழற்சி ஒரே வீட்டில் இரண்டு உடன்பிறப்புகளுக்கு வருவது மிக அரிது. தசைச் சிதைவில் அது வழக்கம். டிஸ்ஃபெர்லின் என்று ஒரு புரதம், தசைநாரின் உறையில் விழும் கிழிசலை ஒட்டுப்போடும் வேலையைச் செய்கிறது. அதற்கான மரபணு 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வந்த இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால், பதின்வயதின் முடிவிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ பலவீனம் தொடங்கும். சி.பி.கே. பல ஆயிரம் போகும். குழப்பம் எங்கே என்றால், சதைத் துண்டு எடுத்துப் பார்த்தால் அதிலும் அழற்சி அணுக்கள் தெரியும். அதனால் பாலிமயோசைட்டிஸ் என்று எழுதிவிடுவது உலகம் முழுக்க நடக்கிற தவறு. ஸ்டீராய்டு அதற்குப் பலன் தராது, தசையை இன்னும் மெலிய வைக்கும். மூன்று வருடம் கொடுத்தும் பலன் இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். இரண்டு பேரையும் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல். கெண்டைக்கால் சதை வற்றி அப்படி நிற்க முடியவில்லை என்றால் டிஸ்ஃபெர்லின் சந்தேகம் கூடும். நின்றுவிட்டாலும் நிம்மதி என்று விட்டுவிட முடியாது, வேறு வகைச் சிதைவுகளும் உண்டு. நரம்பியல் மருத்துவரிடம் இரண்டு பேரையும் ஒன்றாக அழைத்துப்போ. 'மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி மரபணு பேனல் எடுக்கலாமா?' என்று வாய்விட்டுக் கேள். இரத்தத்திலேயே எடுக்கிற பரிசோதனைதான். போகும்போது உங்கள் வம்சவழியை மூன்று தலைமுறைக்கு ஒரு தாளில் வரைந்து, யார் யாரைக் கட்டினார்கள் என்று குறித்துக்கொண்டு போ. அண்ணனின் ஸ்டீராய்டை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மூன்று வருடம் சாப்பிட்ட பிறகு திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம் பற்றியும் கேட்கிறாய். மாமன் மகள், அத்தை மகன் பிள்ளைகளுக்கு, மரபணுக்களில் சராசரியாக 16-இல் 1 பங்கு ஒரே முன்னோரிடமிருந்து இரண்டு வழியாகவும் வந்து சேரும். தாய்மாமனையே கட்டினால் 8-இல் 1 பங்கு. டிஸ்ஃபெர்லின் போல இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் நோய்களுக்கு அதுதான் வழி. பெற்றோர் இருவரும் பழுதான ஒரு பிரதியைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 4-இல் 1 வாய்ப்பு. பாலிமயோசைட்டிஸுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. இதை வைத்து அம்மாவை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது தம்பி. பழுது இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வந்திருக்கும், இருவருக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை.

திருமங்கலத்திலிருந்து: ஸ்டென்ட் வைத்து கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறேன். தொடை வலிக்கிறது. என் ஜீன் காரணமா?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது ஐயா. ஸ்டாட்டின் என்கிற கொழுப்பு மாத்திரையைக் கல்லீரலுக்குள் எடுத்துச்செல்லும் ஒரு புரதத்தின் மரபணுவில் சிலருக்கு மாற்றம் இருக்கும். அவர்களுக்கு, முக்கியமாக சிம்வாஸ்டாட்டினில், தசைப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடும் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று மிக அரிது. ஸ்டாட்டின் எந்த நொதியைக் கட்டுப்படுத்துகிறதோ, அதற்கு எதிராகவே உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடும். மாத்திரையை நிறுத்தினாலும் பலவீனம் ஏறிக்கொண்டே போகும். அவர்களிடம் டி.ஆர்.பி.1*11:01 என்கிற ஹெச்.எல்.ஏ. வகை கூடுதலாக இருப்பது தெரிந்திருக்கிறது. வலி மட்டும் என்றால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போய் சி.பி.கே. பாருங்கள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் அன்றைக்கே போங்கள். ஸ்டென்ட் வைத்தவர் தானாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அலங்காநல்லூரிலிருந்து: தம்பி மாடு பிடிக்கப் பயிற்சி எடுக்கிறான். ஏதோ டெஸ்டில் சி.பி.கே. 1,100. பலவீனம் எதுவும் இல்லை.

கடும் உடற்பயிற்சிக்கும், சதையில் போட்ட ஊசிக்கும்கூட அது ஏறும். ஒரு வாரம் ஓய்வு கொடுத்து மறுபடி எடுங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்து, தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருப்பரங்குன்றம் பக்கத்திலிருந்து: மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறேன். கண் இமையும் விரல் முட்டிகளும் கறுத்துப்போச்சு. கொண்டை போடக் கையைத் தூக்க முடியலை. வெயில் ஒத்துக்கலைன்னு களிம்பு கொடுத்தாங்க.

அம்மா, என் தங்கைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. எட்டு மாதம் அலர்ஜி என்று களிம்பு தடவினோம். அந்த எட்டு மாதத்தில் அவள் படி ஏறுவதே நின்றுபோனது. இமையில் ஊதா, விரல் முட்டியில் சிவப்பு என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது கருமையாகத்தான் தெரியும், அதனால் பலர் தவறவிடுகிறார்கள். களிம்போடு நிற்காமல் இந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்குப் போய், தோலைக் காட்டும்போது கை தூக்க முடியாததையும் சேர்த்துச் சொல்லுங்கள். விழுங்கும்போது புரை ஏறினால், மூச்சு வாங்கினால், ஒரு நாள்கூடத் தள்ள வேண்டாம். நாற்பதைத் தாண்டிய பிறகு இந்த நோய் புதிதாக வந்தால், உள்ளே புற்றுநோய் ஏதும் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து மறுக்காதீர்கள்.

வெயிலுக்கும் பங்கு உண்டு. புற ஊதாக் கதிர் அதிகம் விழும் இடங்களில் மி-2 என்கிற இன்னொரு எதிர்ப்பொருள் உள்ள டெர்மட்டோமயோசைட்டிஸ் கூடுதல் என்று பல நாட்டு நோயாளிகளை ஒப்பிட்ட 2003-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மல்லிகை விடியலில் எடுப்பதுதானே, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்புங்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சிலைமானிலிருந்து: மனைவிக்கு அசாதயோப்ரின் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து) ஆரம்பிக்கப் போகிறார்கள். ஏதோ மரபணு டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். வீண் செலவா?

வீண் இல்லை. மேலே ஆரோக்கியமானவருக்கு வேண்டாம் என்றேனே, இது அப்படி இல்லை. இந்த மருந்தை உடைக்கும் நொதிகளில் இரண்டு முக்கியம்: டி.பி.எம்.டி., நட்-15. ஐரோப்பியர்களுக்கு முதலாவதைப் பார்ப்பது பெரிதும் உதவுகிறது. ஆசியர்களிடம் நட்-15 மாற்றம் கூடுதல், நம்மவர்களும் அதில் சேர்த்தி. இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருந்தால், வழக்கமான அளவிலேயே சில வாரங்களில் முடி கொத்தாகக் கொட்டி, வெள்ளை அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கும். எனவே டெஸ்ட் சீட்டில் நட்-15 இருக்கிறதா என்று பாருங்கள், டி.பி.எம்.டி. மட்டும் இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். ரிசல்ட் நன்றாக வந்தாலும் முதல் மாதங்களில் அவர் சொல்லும் நாளில் இரத்த அணு எண்ணிக்கை பார்த்துவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், இந்த டெஸ்டை ஆயுளில் ஒருமுறை எடுத்தால் போதும்.