தேக்குக்கு எண்ணெய் வேண்டாம், நிழல் போதும்

கேள்வி: என் படகு ஃபைபர்தான், ஓரச் சட்டமும் கைப்பிடியும் மட்டும் தேக்கு. வருடா வருடம் வார்னிஷைச் சுரண்டி மறுபடி அடித்து அலுத்துவிட்டது. வேறு வழி உண்டா? கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை.

பதில்: பெயின்ட் அடித்துவிடுங்கள். தேக்கின் மேல் பெயின்ட்டா என்று படகுக்காரர்கள் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். வார்னிஷ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் கண்ணாடி மாதிரிதானே, புற ஊதாக் கதிரில் கொஞ்சமாவது உள்ளே போய்விடும். அது மரத்தின் மேல்நாரை அரித்ததும் பிடிமானம் போய் வார்னிஷ் செதில் செதிலாக எழும்பும். பெயின்ட்டில் இருக்கும் நிறமி வெளிச்சத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

ஆனால் வெறும் மரத்தில் நேரடியாக அடிக்காதீர்கள். முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் துடையுங்கள். தேக்கின் சொந்த எண்ணெய் திரும்ப மேலே வருவதற்குள், பாதிக்குப் பாதி தின்னர் கலந்து முதல் கோட் வார்னிஷ் போட்டுவிட வேண்டும், அப்புறம் இன்னும் இரண்டு மூன்று கோட், அதன்மேல்தான் பெயின்ட். நாளைக்கே உங்களுக்கோ படகை வாங்குபவருக்கோ மனசு மாறினால் பெயின்ட் வார்னிஷோடு சேர்ந்து உரிந்து வரும், மர ரேகைக்குள் வெள்ளை வெள்ளையாகச் சிக்கி உயிரை வாங்காது. வெளிர் பழுப்பு எடுத்தால் தூரத்திலிருந்து மரம் போலவே தெரியும். அடர் நிறம் வெயிலில் கொதிக்கும், வேண்டாம்.

பெயின்ட்டுக்கு மனசு வரவில்லையா, கைப்பிடிக்குக் கித்தானில் உறை தையுங்கள். உறைக்குள் இருக்கும் வார்னிஷ் பல வருடம் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் ஷீட் சுற்றாதீர்கள், ஈரம் உள்ளேயே நின்று கொப்பளம் கட்டும்.

வார்னிஷுக்கு அடியில் எபாக்சி, அதாவது கலந்து பூசினால் கெட்டியாக இறுகும் பிசின், பூசுவதையும் சிலர் சொல்வார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எபாக்சிக்கு வெயில் ஆகாது என்பதால் மேலே வார்னிஷ் போட்டே தீர வேண்டும், ஒருநாள் அந்த எபாக்சி கெட்டால் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கேள்வி: வீட்டில் இருக்கும் சமையல் எண்ணெயைத் தடவினால் என்ன?

பதில்: பிசுபிசுவென்று நிற்கும், தூசி ஒட்டும், பூஞ்சை வரும். சமையல் எண்ணெய்களில் பெரும்பாலானவை சரியாகக் காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் காயும்தான், ஆனால் அதுவும் பூஞ்சைக்குத் தீனி, சீக்கிரம் கறுத்துவிடும். கடையில் ‘தேக்கு எண்ணெய்’ என்று டப்பாவில் வருவதும் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயிலோ டங் என்ற மரத்தின் விதை எண்ணெயிலோ கரைப்பான் கலந்ததுதான், தேக்கிலிருந்து பிழிந்ததல்ல. ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: எதுவுமே பூசாமல் விட்டால் மரம் கெட்டுவிடாதா?

பதில்: கெடாது. வெள்ளிச் சாம்பல் நிறமாகும், அவ்வளவுதான், உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள், அடியிலேயே பழைய பொன்னிறம் தெரியும். அவ்வப்போது கடல்நீர் ஊற்றி மெல்லிய பிரஷால் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தால் போதும். ரேகையோடு தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து மேடு பள்ளமாகிவிடும். பிரஷர் வாஷரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், அது செய்வதும் இதே வேலைதான், ஒரே மதியத்தில். சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது, எனக்கும் இதுதான் பிடிக்கும்.

கேள்வி: ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பு வளையம். தேய்த்தும் போகவில்லை.

பதில்: அது இரும்புக் கறை. தண்ணீரில் கரைத்த ஆக்சாலிக் அமிலத்தைத் தடவி, கொஞ்ச நேரம் விட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விஷம், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சுற்றியுள்ள ஃபைபரையும் அலுமினியத்தையும் முன்கூட்டியே நனைத்துவிடுங்கள். அதோடு அந்த இரும்பு ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டு வெண்கலமோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ போடுங்கள், இல்லாவிட்டால் வளையம் திரும்ப வரும்.