உறைபனியில டென்ட் போட்டுத் தூங்குறதுல அப்படி என்ன சுகம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரரை வெயில் காலத்துல எங்கயாச்சும் போலாம்னு கூப்பிட்டா அசைய மாட்டார். ஆனா பனி கொட்டுற மாசம் வந்துட்டா லீவு போட்டு பெரிய பையைத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள டென்ட் போட்டுத் தங்கக் கிளம்பிடுறார். திரும்பி வரும்போது உதடெல்லாம் வெடிச்சிருக்கு, ஆனா முகத்துல அப்படி ஒரு தெளிவு. வீட்டுல ஹீட்டர் இருக்கு, மெத்தை இருக்கு, அங்க என்னதான் கிடைக்குது?

பதில்: அந்தத் தெளிவைக் கவனிச்சீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கும்மா. மொதல்ல எல்லாரும் சொல்ற காரணத்தைச் சொல்லிடறேன், அதுவும் உண்மைதான். கொசு கிடையாது, ஈ கிடையாது, உண்ணித் தொல்லை கிடையாது. கரடி இருக்கிற காடா இருந்தா அதுவும் பெரும்பாலும் குகைக்குள்ள தூங்கிட்டிருக்கும். கோடையில இடம் பிடிக்கவே அடிச்சுக்கிற ஏரிக்கரை மொத்தமும் உங்களுக்கு மட்டும்தான். இலையெல்லாம் கொட்டிட்டதால காடு திறந்து கிடக்கும், பனியில முயல் தாவிப் போன தடமும் நரி அதைத் தேடிப் போன தடமும் எழுதி வச்ச மாதிரி தெரியும், நேத்து ராத்திரி இங்க என்ன நடந்துச்சுன்னு நின்னு படிக்கலாம். ராத்திரி நீளம், குளிர்ந்த காத்துல ஈரமும் கம்மிங்கிறதால வானம் தெளிவா இருக்கும், வடக்குப் பாதி உலகத்துல குளிர்காலத்துலதான் ஓரியன் நட்சத்திரக் கூட்டமும் சிரியஸ் நட்சத்திரமும் நல்லா மேல வந்து நிக்கும்.

ஆனா இதுக்காக மட்டும் ஒருத்தர் வருஷா வருஷம் போக மாட்டார்னு நான் நினைக்கிறேன். அங்க கதகதப்புங்கிறது சும்மா கிடைக்காது, நம்ம கையால உண்டாக்கணும், எனக்குத் தெரிஞ்சு அந்த வேலையிலதான் சுகமே இருக்கு. தண்ணியையே எடுத்துக்கோங்க. ஏரி உறைஞ்சு கிடந்தா பனியை உருக்கித்தான் குடிக்கணும். புதுசா விழுந்த பனி பஞ்சு மாதிரி, பத்து பாத்திரம் அள்ளிப் போட்டா ஒரு பாத்திரம் தண்ணி தேறும். அடியில கொஞ்சம் தண்ணி ஊத்திட்டுத்தான் பனியைப் போடணும், வெறும் பனியைப் போட்டா பாத்திரம் அடிப்பிடிச்சு தண்ணியே கருகின வாசம் அடிக்கும். ஒரு கிலோ பனிக்கட்டியை வெறுமனே உருக்குறதுக்கு ஆகுற சூடு, அந்த ஐஸ் தண்ணியை 80 டிகிரி வரைக்கும் சூடேத்துற சூட்டுக்குச் சமம், அதனால ஸ்டவ் பக்கத்துல ஒரு மணி நேரம் குந்தியே இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா அள்ளிப் போடணும், அது ஸ்ஸுன்னு உள்வாங்குறதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். 1888ல நார்வேக்காரர் நான்சென்னு ஒரு ஆய்வுப் பயணி ஸ்கீ போட்டு கிரீன்லாந்தைக் குறுக்கால கடந்தப்போ, வீணாப் போற சூட்டுலயும் பனி உருகுற மாதிரி ஒரு அடுப்பையே வடிவமைச்சு எடுத்துட்டுப் போனார், அங்க தண்ணி அவ்ளோ பெரிய விஷயம்.

அந்த ஒரு மணி நேரத்துல ஆபீஸ் ஞாபகம் வராது, போன் ஞாபகம் வராது. கடைசியில சுடுதண்ணியை பாட்டில்ல ஊத்தி, மூடியை இறுக்கி, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு கால்மாட்டுல வச்சுக்கிட்டு ஸ்லீப்பிங் பேக் ஜிப்பை இழுத்து விட்டுட்டுப் படுப்போம் பாருங்க, பாதத்துல இருந்து மெதுவா சூடு ஏறி வரும், வெளியில மைனஸ் 15. ஹீட்டர்ல கிடைக்கிற சூடும் சூடுதான், ஆனா அதை நம்ம உடம்பு கவனிக்கிறதே இல்ல. இதைக் கவனிக்குது. ஒரு தடவை அவர்கூட போய்ப் பாருங்க, தங்கக்கூட வேணாம், பனி உருக்குற வரைக்கும் இருந்துட்டு வாங்க.

கேள்வி: பனி விழுந்த காட்டுல அவ்ளோ நிசப்தமா இருக்கும்ங்கிறாங்களே, நிஜமாவே அப்படியா, இல்ல மனப்பிரமையா?

பதில்: நிஜமாவேதான். புதுப்பனியில பெரும்பகுதி காத்துதான், துகளுக்கு நடுவுல எண்ணி முடியாத சின்னச் சின்ன ஓட்டைங்க, சத்தம் அதுக்குள்ள போய் திரும்பி வர வழியில்லாம அடங்கிடும். ரெண்டு நாள் கழிச்சு மேல்பக்கம் உருகி உறைஞ்சு ஓடு மாதிரி ஆயிட்டா கதையே மாறிடும், அப்போ சத்தம் பட்டுத் திரும்பும், தூரத்துல ஒரு கிளை முறியிறதுகூட பக்கத்துல கேக்கும். பறவை, பூச்சிச் சத்தமும் கம்மிங்கிறதால நம்ம மூச்சே நமக்குப் பெரிசா கேக்கும். அதுக்காக முழு மௌனம்னு நினைச்சுடாதீங்க. கடுங்குளிர்ல மரம் 'படார்'னு வெடிக்கும், உறைஞ்ச ஏரி ராத்திரியில விரிசல் விடும்போது ஒரு நீளமான 'டொய்ங்ங்'னு சத்தம் கரைக்குக் கரை ஓடும், மொத தடவை கேட்டப்போ நான் எழுந்து உக்காந்துட்டேன், இப்போ அதுக்காகவே ஏரிப் பக்கமா டென்ட் போடுறேன்.

கேள்வி: நானும் இந்தத் தடவை போகலாம்னு இருக்கேன். நல்ல கனமான ஸ்லீப்பிங் பேக் வாங்கிட்டேன், அது போதும்ல?

பதில்: போதாது தம்பி. நானும் அப்படி நினைச்சுத்தான் மொத ராத்திரி மெல்லிசா ஒரு ஃபோம் மேட்டை விரிச்சுப் படுத்தேன், ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகுல இருந்து குளிர் ஊறி வந்து எழுப்பி விட்டுடுச்சு, விடியிற வரைக்கும் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம். ஏன்னா உடம்புக்கு அடியில மாட்டுற பேக்கோட பஞ்சு அமுங்கிடும், அமுங்கின பஞ்சுல காத்து இருக்காது, காத்து இல்லைன்னா சூடு நிக்காது. அடியில இருந்து காப்பாத்துறது மேட்தான். அதுல ஆர் வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, சூடு தரைக்குப் போகாம எவ்ளோ தடுக்கும்ங்கிற கணக்கு அது, பனிக்கு 5க்கு மேல இருக்கணும், ரெண்டு மேட்டை அடுக்கினா ரெண்டு நம்பரையும் கூட்டிக்கலாம். பேக்ல கம்ஃபர்ட், லிமிட்னு ரெண்டு டிகிரி எழுதியிருக்கும், கம்ஃபர்ட்னா நிம்மதியாத் தூங்கலாம், லிமிட்னா சுருண்டு சமாளிக்கலாம், நீங்க கம்ஃபர்ட்டைப் பாத்து வாங்குங்க.

அதைவிட முக்கியம் வேர்வை. குளிருதேன்னு எல்லாத்தையும் மாட்டிக்கிட்டு நடந்தா அரை மணி நேரத்துல உள்ளாடை நனைஞ்சிடும், நின்ன உடனே அந்த ஈரமே உங்களை உறைய வச்சிடும். நடக்க ஆரம்பிக்கும்போது லேசா குளிருற மாதிரி இருக்கணும், நின்ன உடனே தடிச்ச ஜாக்கெட்டைப் போடணும். காட்டன் வேணவே வேணாம், நனைஞ்சா காயாது, கம்பளி நனைஞ்சாலும் ஓரளவு சூட்டைப் பிடிச்சு வைக்கும். கேஸ் ஸ்டவ்னா பியூட்டேன் மட்டும் இருக்கிற சிலிண்டரை நம்பாதீங்க, பூஜ்ஜியத்துக்குக் கீழ போனா அது ஆவியாகவே மறுக்கும், புரோப்பேன் கலந்தது பரவால்ல, ரொம்பக் குளிர்னா திரவ எரிபொருள் ஸ்டவ்தான் சரி. தண்ணி பாட்டிலைத் தலைகீழா வைங்க, ஐஸ் மேல இருந்துதான் பிடிக்கும், அப்போ வாய்ப்பக்கம் உறையாது. பேட்டரி, போன், மறுநாள் போட வேண்டிய சாக்ஸ் எல்லாம் பேக்குக்குள்ள உங்ககூடவே தூங்கட்டும். ஆனா முகத்தை மட்டும் உள்ள இழுத்துக்காதீங்க, மூச்சு ஈரம் பேக்கை நனைச்சிடும், தொப்பி போட்டுக்கிட்டு மூக்கை வெளிய விட்டுப் படுங்க.

கேள்வி: பனியாலயே குகை மாதிரி பண்ணி அதுக்குள்ள தூங்குறாங்களே, ஐஸ்குள்ள எப்படி உயிரோட இருக்காங்க?

பதில்: அமைதிக்குச் சொன்ன அதே காரணம்தான், பனிக்குள்ள காத்து சிக்கியிருக்கு, அதனால அது நல்ல போர்வை. வெளியில மைனஸ் 30 இருந்தாலும் நல்லா கட்டின பனிக்குகைக்குள்ள பூஜ்ஜியத்துக்குக் கொஞ்சம் கீழதான் இருக்கும், காத்தும் அடிக்காது. பனியைக் குவிச்சு ரெண்டு மணி நேரம் விட்டா துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இறுகிடும், அப்புறம் உள்ள குடையணும். 30 செ.மீ. நீளக் குச்சிகளை வெளியில இருந்து குத்தி வச்சுட்டா, உள்ளே குடையும்போது குச்சி முனை தெரிஞ்ச இடத்துல நிறுத்திக்கலாம், சுவர் கனம் சரியா வந்துடும். படுக்குற மேடை வாசலைவிட உயரமா இருக்கணும், குளிர்ந்த காத்து கனமானது, கீழ வாசல் வழியா இறங்கிப் போயிடும். மேல ஒரு காத்து ஓட்டை கட்டாயம்.

கேள்வி: என் பையன் நண்பர்களோட போறேங்கிறான். தடுக்கவும் மனசில்ல, அனுப்பவும் பயமா இருக்கு.

பதில்: உங்க பயம் நியாயம்தான், ஆபத்து இல்லவே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். மூணு விஷயத்தை அவன்கிட்ட உக்கார வச்சுப் பேசுங்க. ஒண்ணு, மூடின டென்ட்டுக்குள்ள ஸ்டவ்வோ கரியோ எரிக்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது நிறமும் கிடையாது, தூக்கத்துலயே ஆளை எடுத்துடும். ரெண்டு, உறைஞ்ச ஏரி மேல நடக்கணும்னா தெளிவான கெட்டி ஐஸ் 10 செ.மீ.யாவது இருக்கணும், ஆறு ஓடி வந்து சேருற இடத்துப் பக்கமே போகக் கூடாது. மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. உடம்போட உள்சூடு 35 டிகிரிக்குக் கீழ இறங்கினா அந்த ஆளுக்கே அது தெரியாது, பேச்சு குழறும், ஜிப் போட வராது, தடுமாறுவான், கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்வான். நடுக்கம் நின்னுட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, நிலைமை மோசமாகுதுன்னு அர்த்தம். அதனால நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கணும், தனியா யாரையும் விடக் கூடாது, சந்தேகம் வந்தா காஞ்ச துணி மாத்தி, பேக்குக்குள்ள படுக்க வச்சு, உதவிக்குக் கூப்பிடணும்.

எங்க தங்குறாங்க, எப்போ திரும்புறாங்கன்னு எழுதி வாங்கி வச்சுக்கோங்க. மொத ராத்திரி கார் நிறுத்தின இடத்துல இருந்து பத்து நிமிஷ நடையில டென்ட் போடச் சொல்லுங்க. குளிர் தாங்கலைன்னா எழுந்து நடந்து வந்து காருக்குள்ள தூங்கட்டும், அடுத்த மாசம் இன்னும் ஒரு மேட் எடுத்துட்டுப் போகட்டும்.