குளிரை விட்டு டொங்காட் வரை: மோட்டார்ஹோம் பற்றி நீங்கள் கேட்டவை

வணக்கம். மே மாதம் முடிந்து ஜோகனஸ்பர்க்கில் புல் எல்லாம் வைக்கோல் நிறமானதும் எனக்கு இதே கேள்விகள்தான் வர ஆரம்பிக்கின்றன, அதனால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் 1998இல் கணக்கு வாத்தியாராகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்தவன். மனைவி டர்பனுக்கு வடக்கே இருக்கும் டொங்காட்டில் பிறந்தவள், அவள் குடும்பம் ஐந்து தலைமுறையாக அந்தக் கரும்புக்காட்டுப் பக்கம்தான். பதினோரு வருடமாக ஒவ்வொரு குளிர்காலமும் மாமியாரை ஏற்றிக்கொண்டு மோட்டார்ஹோமில், அதாவது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டியில், டர்பன் பக்கத்து நேட்டால் கரைக்கு இறங்குகிறோம்.

லெனேசியாவிலிருந்து ஒரு சகோதரி: டர்பனில் ஊர்ப்பட்ட சொந்தம் இருக்கிறது. காரில் போய் அவர்கள் வீட்டில் தங்கிவிட்டு வரலாமே, இவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

நான்கு நாள் பயணம் என்றால் எதற்கும் இல்லை, காரிலேயே போங்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் சொன்னது சரிதான். நாங்கள் போவது ஐந்து வாரத்துக்கு. என் மாமியாருக்கு 79 வயது, முழங்கால் வலி, விரல் மூட்டெல்லாம் வீங்கும். ஜூலையில் ஜோகனஸ்பர்க் விடியற்காலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும், டர்பனில் அதே மாதம் பகலில் 22, 23 டிகிரி. இங்கே ஸ்வெட்டர் பொத்தானைப் போடக்கூட மகளைக் கூப்பிடுகிறவர், போன வருடம் டொங்காட் போன மூன்றாம் நாள் காலை வண்டிப் படியில் உட்கார்ந்து தானே எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிக்கொண்டார். முதல் வருடமும் இதே மாதிரி அவரைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த வண்டியை விற்பதில்லை என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

வயதானவர்களுக்குத் தன் படுக்கை, தன் கழிப்பறை, தன் மருந்துப் பெட்டி கூடவே வருவது பெரிய விஷயம். வழியில் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் இறங்கி ஏற வேண்டாம். இரண்டு நாள் அக்கா வீட்டு வாசலில், ஒரு வாரம் கடற்கரையில், அப்புறம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் தம்பி வீடு என்று நகர்ந்துகொண்டே இருந்தால் யாருக்கும் பாரம் இல்லை.

மிட்ராண்டிலிருந்து ஒரு தம்பி: சொந்தக்காரர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்தால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா அண்ணா?

கோபித்துக்கொள்வார்கள் தம்பி, அதனால்தான் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லிவிட வேண்டும். "எங்கள் வீட்டில் படுக்க இடமில்லையா?" என்று பெரிய அண்ணி முதல் வருடம் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது எங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. முதல் ராத்திரி வீட்டுக்குள்தான் படுப்போம், அவர்கள் விரித்த பாயில். அடுத்த நாளிலிருந்து வண்டியில். சாப்பாடு எப்போதும் உள்ளே, எல்லாரோடும். வண்டிக்குள் தனியாகச் சமைத்து ஒருவேளைகூடச் சாப்பிடாதீர்கள், அந்த வாசனை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போனால் அவர்கள் மனம் நிச்சயம் நோகும்.

கரண்டு விஷயம் இன்னொன்று. வீட்டு பிளக்கிலிருந்து வயர் இழுத்தால் ஃப்ரிட்ஜ், விளக்கு, பேட்டரி சார்ஜ் தாங்கும். கெட்டிலும் ஹீட்டரும் ஒன்றாகப் போட்டால் ட்ரிப் ஆகும், வீடு முழுக்க இருட்டாகிவிடும். வயர் கனமானதாக, முழுக்கச் சுருள் பிரித்துப் போட்டதாக இருக்கட்டும், சுற்றி வைத்த வயர் சூடேறி உருகும். கரண்டுக்குப் பணம் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். நம் ஆட்கள் பல வீடுகளில் முன்பணம் கட்டும் ப்ரீபெய்ட் மீட்டர்தானே? வீட்டுப் பிள்ளைகளிடம் மீட்டர் எண்ணைக் கேட்டு வாங்கி, கடையில் யூனிட் வாங்கி, அந்த இருபது இலக்க எண்ணை நானே மீட்டரில் அழுத்திவிடுவேன். அழுத்தியதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அண்ணியும் இப்போது சிரித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்.

போவதற்கு முன் வாசலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சாட்ஸ்வொர்த் முழுக்க மேடு பள்ளம், பல வீடுகளில் தெருவிலிருந்து வாசல் சட்டென்று ஏறும் அல்லது இறங்கும். மோட்டார்ஹோமுக்குப் பின்சக்கரத்துக்கு அப்பால் ஒன்றரை மீட்டர் வால் இருக்கும், அது தரையில் உரசும். கேட் அகலம், மேலே போகும் வயர், மாமரக் கிளை எல்லாம் பாருங்கள். வண்டியின் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். என் வண்டி 2.95 மீட்டர், கார்போர்ட் என்கிற கார் கொட்டகை எதிலும் நுழையாது.

பெனோனியிலிருந்து ஒருவர்: என்3 நெடுஞ்சாலையில் டர்பனுக்கு ஒரே நாளில் போய்விடலாமா?

டர்பன் சுமார் 570 கி.மீ. காரில் ஆறு மணி நேரம், மோட்டார்ஹோமில் எட்டு என்று வையுங்கள். போகலாம், ஆனால் இரண்டு நாளாகப் பிரியுங்கள் என்பேன். எல்லாரும் பாதி வழி என்று ஹாரிஸ்மித்தில் தங்குவார்கள், குளிர்காலத்தில் அது தப்பு. அந்த ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்துப் பக்கம் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். இன்னும் கொஞ்சம் ஓட்டி வான் ரீனன் கணவாயைப் பகலிலேயே தாண்டி, ஹோவிக் பக்கத்தில் மிட்மார் அணைக்கட்டில் தங்குங்கள். ஏரி ஓரம் நிறுத்தலாம், அங்கேயும் குளிர் உண்டு, ஆனால் எலும்பைக் குத்தாது. மறுநாள் இரண்டு மணி நேரத்துக்குள் டர்பன்.

வான் ரீனன் 1,600 மீட்டருக்கு மேல். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே போகாதீர்கள், உச்சியிலேயே கியரைக் குறைத்து லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக இறங்குங்கள். பக்கக் காற்று உயரமான வண்டியைத் தள்ளும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள். 2024 செப்டம்பரில் அந்தப் பக்கம் பனி கொட்டி என்3 மூடப்பட்டு மக்கள் ராத்திரி முழுக்க வண்டிக்குள் மாட்டிக்கொண்டது நினைவிருக்கும், செப்டம்பர் வந்தால் குளிர் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். டோல் ஐந்து: டி ஹூக், வில்கே, டுகேலா, மூய் ரிவர், மரியன்ஹில். சாலையோர மரத்தடியில் நிறுத்தித் தூங்குவது எந்த நேரத்திலும் கூடாது, வேலி போட்ட கேரவன் பார்க் மட்டும்தான்.

ஜெர்மிஸ்டன் அக்கா: ராத்திரி குளிருக்கு உள்ளே கேஸ் ஹீட்டர் போட்டுத் தூங்கலாமா?

கூடாது அக்கா. தயவுசெய்து வேண்டாம். மூடிய வண்டிக்குள் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ப்ராய் (வெளியே கறி சுடும் அடுப்பு) போட்ட கரியை, அணைந்துவிட்டது என்று நினைத்து, சூட்டுக்காக உள்ளே கொண்டுவருவது அதைவிட மோசம். புகைக்குழாய் வெளியே போகும்படி வண்டியிலேயே பொருத்திய ஹீட்டர் என்றால் சரி, அதற்கும் ஒரு மோனாக்சைடு அலாரம் மாட்டிவிடுங்கள். எங்களிடம் இருப்பது கம்பளியும் வெந்நீர்ப் பையும்தான், அது போதும்.

காலையில் கேஸ் அடுப்பு எரியவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். சின்ன கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன் இருக்கும், பூஜ்யம் டிகிரிக்கு அது ஆவியாகவே ஆகாது. புரோபேன் மைனஸ் 42 வரை தாங்கும். பெரிய சிலிண்டரில் புரோபேனும் கலந்திருப்பதால் தப்பிக்கலாம், கேனை நம்பி மலைப்பக்கம் போக வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டியையும் மறக்காதீர்கள். இரண்டாம் வருடம் ஹாரிஸ்மித்தில் தங்கிய ராத்திரி நான் தண்ணீரை வடிக்கவில்லை. விடிந்ததும் குழாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை, பம்ப்பின் பிளாஸ்டிக் கிண்ணம் நெடுக விரிந்து, உள்ளே பனிக்கட்டி கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருந்தது. இப்போது மலை தாண்டும் வரை தொட்டி காலி, ஐந்து லிட்டர் கேன் இரண்டு மட்டும்.

லாடியம் வாசகர்: எந்த லைசென்ஸ் வேண்டும்? சென்னையிலிருந்து வரும் அப்பா ஓட்டலாமா?

கோட் 8, அதாவது பி, 3,500 கிலோ வரைக்கும். அது வண்டியின் இப்போதைய எடை அல்ல, தகட்டில் எழுதியிருக்கும் அதிகபட்ச எடை. ஆறு பேர் படுக்கும் பெரிய வண்டிகள் சில அதைத் தாண்டும், அதற்கு கோட் 10, சி1. காருக்குப் பின்னால் 750 கிலோவுக்கு மேல் கேரவன் இழுத்தால் ஈபி வேண்டும். இதைச் சரியாகப் பார்க்காமல் போய் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார். அரிசி மூட்டை, சித்தப்பாவுக்கு இரும்புக் கல், 100 லிட்டர் தண்ணீர் என்று ஏற்றினால் எடை எங்கோ போய்விடும், ஒருமுறை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்.

அப்பாவின் இந்திய லைசென்ஸ் ஆங்கிலத்தில், படத்தோடு இருந்தால் பரவாயில்லை, சர்வதேச அனுமதியும் எடுத்துவரச் சொல்லுங்கள். இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறோம், ஆனால் இவ்வளவு நீளமான வண்டியை முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பழகட்டும்.

கேப்டவுன், ரைலண்ட்ஸ்: டர்பனில் இருக்கும் தங்கையைப் பார்க்க என்2 வழியாகப் போகலாமா?

அழகான வழி, ஆனால் ஈஸ்டர்ன் கேப்பில் மத்தாத்தா (பழைய பெயர் உம்டாட்டா) பக்கம் வேலி இல்லாத இடங்களில் ஆடு மாடு சாலைக்கு வரும். பகலில் மட்டும் ஓட்டுங்கள், மதியம் மூன்றரைக்கே நிறுத்திவிடுங்கள். அவசரம் என்றால் என்1இல் ப்ளூம்ஃபான்டெய்ன் தாண்டி, வின்பர்க்கில் என்5 பிடித்து ஹாரிஸ்மித். உங்களுக்கு ஜூன், ஜூலை மழைக்காலம் என்பதால் டர்பன் போவது நல்ல யோசனை. இங்கிருந்து கேப்டவுனுக்குக் குளிர் தப்பிக்கப் போகிறேன் என்பவர்களிடம்தான் வேண்டாம் என்பேன்.

இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள், ஓடும்போது பின்னால் படுக்க வைக்கலாமா?

கூடாது. பெல்ட் உள்ள சீட்டில் மட்டும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் குழந்தை சீட் 2015 முதல் சட்டமே. எத்தனை படுக்கை என்று எண்ணாதீர்கள், எத்தனை பெல்ட் என்று எண்ணி வண்டி எடுங்கள்.

ப்ரிட்டோரியா தம்பதி: சொந்தங்களைப் பார்த்த பிறகு இன்னும் வெயிலான இடம் எது?

வடக்கே செயின்ட் லூசியா. டொங்காட்டிலிருந்து சுமார் 200 கி.மீ., 1999இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இசிமங்கலிசோ பூங்காவின் வாசல் ஊர். ராத்திரி நீர்யானைகள் தெருவில் மேய வரும், பலகையே வைத்திருக்கிறார்கள். இருட்டிய பின் டார்ச் இல்லாமல் கழிப்பறைக்கு நடக்காதீர்கள், தூரத்தில் பார்த்தாலும் படம் எடுக்க நிற்காதீர்கள். படுத்திருக்கும்போது வண்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் அது புல்லைப் பிடுங்கும் சத்தம் பாய் கிழிப்பது போலக் கேட்கும்.

பகலில் குரங்கு. அடுப்பில் நான் வடை போட்டுக்கொண்டிருந்தபோது மேல் ஜன்னல் வழியாக ஒரு சின்னக் கறுப்புக் கை வந்து தட்டிலிருந்து ஒன்றை எடுத்தது, சூடாக இருந்ததால் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே மரத்துக்குப் போனது. கொசுவலை மட்டும் இருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு வெளியே போகக் கூடாது. உணவும் கொடுக்காதீர்கள், பழகிய குரங்கைப் பிறகு சுட்டுவிடுகிறார்கள்.

குரூகர் வனவிலங்குப் பூங்காவுக்குப் போவதென்றால் மலேரியா ஆபத்து செப்டம்பர் முதல் மே வரை அதிகம், குளிர்காலத்தில் குறைவு, ஆனால் முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. பெரியவர்களோடு போனால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே என்றால் ஸ்காட்பர்க், ஜூன் ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரம் வரும் சமயம், இடம் சீக்கிரம் நிரம்பும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதல் முறை வாடகை. நாங்கள் முதலில் எடுத்த வாடகை வண்டியில் கூரை ஒழுகியது, கொடுத்தவர் கடைசிவரை போனை எடுக்கவில்லை. அதனால் எடுக்கும் நாளில் எல்லா மூலையையும் கையால் அழுத்திப் பாருங்கள், பிசுக்கென்று இருந்தால் உள்ளே ஈரம் ஊறியிருக்கிறது. பழைய ஜர்கன்ஸ், ஸ்ப்ரைட் கேரவன் வாங்குகிறவர்களுக்கும் இதேதான். டயரில் நான்கு இலக்கம் இருக்கும், 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்தது. சும்மா நிற்கும் வண்டியில் டயர் தேயாது, டயரின் பள்ளக்கோடுகளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், ரப்பர் வயதாகி வெடிக்கும்.

சோலார் வைத்திருந்தால் ஒன்று: வடகரையில் குளிர்காலம் கரும்பு வெட்டும் காலம், தோகை எரித்த கரிச்சுருள் காற்றில் வந்து கூரையில் படியும். இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் பேட்டரி ஏறாது.

டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து ஒரு அம்மா: ஆடிக் கூழுக்கு என் மகன் குடும்பம் வண்டியில் வந்து இருந்துவிட்டுப் போக முடியுமா?

பள்ளி விடுமுறை ஜூன் கடைசியில் தொடங்கி ஜூலை மூன்றாம் வாரத்தில் முடிந்துவிடும், ஆடி பிறப்பதோ ஜூலை நடுவில். இங்கே எல்லாரும் பாரிட்ஜ் பிரேயர் என்று சொல்லும் கூழ் ஊற்றுவது அதன் பிறகு ஒவ்வொரு கோயிலிலும் ஞாயிறாக வரும். பேரப்பிள்ளைகள் இருந்தால் முதல் ஞாயிறு கிடைத்தால் உண்டு அம்மா, மகனிடம் தேதியைப் பார்த்து விடுமுறையின் கடைசிப் பகுதிக்கு வரச் சொல்லுங்கள். கோயில் வாசலில் அன்றைக்குக் கூட்டம் இருக்கும், வண்டியை உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுக் காரில் போகட்டும். என் மாமியார் மூடி இறுகிய தூக்கு ஒன்றை வண்டி அலமாரியில் இதற்கென்றே வைத்திருக்கிறார். திரும்பும்போது மிட்மாரில் தங்கும் காலையில் அந்தக் கூழில் கொஞ்சம் மோர் விட்டு, வெங்காயம் நறுக்கிப் போட்டு, மூன்று பேரும் குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவோம்.