இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை சந்திப்பீர்கள்

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 34. பேர வாவியில் துடுப்பு வலிக்கப் போன இடத்தில்தான் ஒருவரையொருவர் கண்டோம். கலியாணமாகி நாலு வருசம். இப்போது இரண்டு பேருமாகத் துடுப்புப் படகில் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் கோபம் வந்தால் அவர் இரண்டு மூன்று நாள் வாயே திறக்க மாட்டார். அந்தச் சின்னப் படகில் இரவு பகலாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? அம்மா வேறு அழுகிறா. போகலாமா அக்கா?
– வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கச்சி,

முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்றுதானே பயப்படுகிறீர்கள்? நடக்கப் போவது அதற்கு நேர்மாறு. நீங்கள் அவரைக் காணவே மாட்டீர்கள்.

இருவர் போகும் கடல் படகில் பொதுவான வழக்கம், ஒருவர் இரண்டு மணித்தியாலம் வலிப்பது, மற்றவர் அறைக்குள் படுப்பது, பிறகு மாறிக்கொள்வது. கரை காணும்வரை இரவும் பகலும் இதுதான். கேனரித் தீவுகளில் லா கோமேராவிலிருந்து கரீபியனில் அன்டிகுவா வரை ஏறத்தாழ 4,800 கிலோமீற்றர். காற்று துணைக்கு வந்தாலும் ஒரு சோடிக்கு நாற்பது நாள் முதல் இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். வாவியில் முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்த்துத் தாளம் பிடித்த உங்களுக்கு, பக்கத்து இருக்கை வெறுமையாய்க் கிடப்பதே முதல் அதிர்ச்சியாக இருக்கும்.

இதைத் தரையில் அனுபவித்தவள் நான். கலியாணமான புதிதில் எனக்கு ஆசுபத்திரியில் இரவு டியூட்டி, அவருக்குத் துறைமுகத்தில் பகல் வேலை. கொட்டாஞ்சேனை வாடகை வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும் நேரம் அவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிசம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. ஒரு நாள் "காஸ் முடிஞ்சுது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். என்மேல் என்ன கோபமோ என்று அன்று பகல் முழுக்க நித்திரையில்லாமல் புரண்டேன். பின்னேரம் கேட்டால், அவருக்கு ஒரு கோபமும் இல்லை. பஸ் போய்விடும் என்ற அவசரம்தான்.

எங்களுக்கு அது நாளுக்கு இரண்டு தடவை. உங்களுக்குப் பன்னிரண்டு தடவை.

இரவு இரண்டு மணி மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அவர் கதவில் தட்டுகிறார். துடுப்பைப் பிடித்துப் பிடித்து மடங்கிப்போன உங்கள் விரல்கள் நிமிரவே மறுக்கின்றன. இருட்டில் நனைந்த மழைச்சட்டையைத் தேடிப் போட வேண்டும், பாதுகாப்புக் கயிற்றைக் கொளுவ வேண்டும், ஆட்டத்தில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு இடம் மாற வேண்டும், அறைக் கதவு இறுகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படகு கவிழ்ந்தால் தானாக நிமிர்வது அறைக்குள் அடைபட்ட காற்றால்தான். கதவு திறந்திருந்தால் நிமிராது. நீங்கள் ஐந்து நிமிசம் பிந்தினால் அது அவருடைய நித்திரையில் போகும். அந்த இரண்டு மணித்தியாலத்தில்தான் அவர் உப்பைத் துடைத்து, புண்ணுக்கு மருந்து பூசி, சாப்பிட்டு, பிறகு படுக்க வேண்டும். மிஞ்சுவது ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூட. இருபதாம் நாள் அந்த ஐந்து நிமிசத்துக்காகக் கொலை விழுகிற மாதிரிச் சண்டை வரும். சண்டை வந்தால் போகட்டும். சண்டைக்குப் பதிலாக அவர் வாயை மூடிக்கொண்டால்? காற்று மாறியது, தூரத்தில் கப்பல் விளக்குத் தெரிந்தது, பற்றரி இறங்குகிறது என்று உங்களுக்குச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. அதனால் அவருடைய மௌனத்தை நான் குணக்குறை என்று ஒதுக்க மாட்டேன். கடலில் அது ஆபத்து.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எதிர்க்காற்று பலமாக வீசினால் வலித்துப் பயனில்லை. குடை மாதிரியான கடல் நங்கூரத்தைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு உள்ளே காத்திருக்க வேண்டியதுதான், சிலவேளை இரண்டு மூன்று நாள். நிமிர்ந்து உட்காரவே இடம் போதாத அறை, பூட்டிய கதவு, வேர்வை, ஈர உடுப்பு மணம். நீங்கள் பயந்த நெருக்கம் அப்போது வரும். பன்னிரண்டு மாற்றங்களிலும் இரண்டு வார்த்தை கதைத்துப் பழகிய சோடிக்கு அந்த நாட்கள் தாங்கக்கூடியவை.

முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. பிரித்தானியச் சோடியான ஜோன் ஃபெயார்ஃபாக்ஸும் சில்வியா குக்கும் 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு 361 நாள் பசிபிக்கில் வலித்து அவுஸ்திரேலியாவை அடைந்தார்கள். 2001இல் டெப்ரா வீல் என்ற பிரித்தானியப் பெண் கணவரோடு தெனரீஃபிலிருந்து பார்படோசுக்குப் புறப்பட்டார். இருவரில் அனுபவமுள்ள, பலமான துடுப்பாளர் கணவர்தான். ஆனால் நடுக்கடல் பயம் அவரைப் பிடித்துக்கொள்ள, இரண்டு வாரம் அளவில் அவரை வேறு படகில் ஏற்றிவிட்டார்கள். டெப்ரா தனியே வலித்து, நூறு நாளுக்கு மேல் எடுத்துக் கரை சேர்ந்தார். யாருக்கு என்ன வரும் என்று வாவியில் தெரியாது. ஒருவரால் முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை இப்போதே, வீட்டு மேசையில் இருந்து, ஒருவரையொருவர் குறைசொல்லாமல் கதைத்து எழுதி வையுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்கக் கூச்சப்பட்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். மலசலகூடம் ஒரு வாளி. உப்பில் ஊறிய துணி உரசித்தான் இருக்கையில் புண் வரும். அதனால் பலர் உடுப்பில்லாமலே வலிக்கிறார்கள். ஒவ்வொரு முறை முடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பதைக் களைப்பு என்று விடவே கூடாது. மாதவிடாயைத் தள்ளிப்போடுவதா, கப் பாவிப்பதா என்பதை நாலைந்து மாதம் முன்பே பெண் வைத்தியரோடு கதையுங்கள். படகில் வைத்துப் பரீட்சை வேண்டாம். கடல்நீரை நல்ல நீராக்கும் இயந்திரம் சூரிய மின்சாரத்தில் ஓடும், மப்பான நாட்களில் கையால் பம்ப் பண்ண நேரலாம். சாப்பாடு பெரும்பாலும் தண்ணீர் ஊற்றிச் சாப்பிடும் உலர்ந்த பைகள். அம்மாவின் சீனிச் சம்பலைக் கட்டாயம் கொண்டு போங்கள். அதைக் கிண்டுகிற வேலையை அவவிடமே கொடுங்கள், அழுகை கொஞ்சம் அடங்கும்.

போகலாமா என்றால், இந்த மாதம் ஒரு வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு உங்கள் பிளாட்டிலேயே தொடங்குங்கள். துடுப்பு மெசின் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒருவர் இரண்டு மணித்தியாலம் வலிக்க மற்றவர் படுங்கள், ஞாயிறு பின்னேரம் வரை. போன் வேண்டாம், சமையல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்திலும் மூன்று விசயம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: உடம்பு எப்படி, என்ன நடந்தது, மனசில் என்ன. கோபமாக இருந்தால் "கோபமாக இருக்கிறன், பிறகு கதைப்பம்" என்பதும் போதும்.

சனி இரவு இரண்டு மணி மாற்றத்தில் அவர் உங்களை எழுப்பும்போது என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா