கீமோ முடிந்த அம்மா குடம் தூக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 53. இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சையில் அக்குள் நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்தார்கள். கீமோ, கதிர்வீச்சு முடிந்து ஐந்து மாதமாகிறது. கை வீக்கம் இல்லை. 'உடற்பயிற்சி செய்தால் நோய் திரும்பாது' என்கிறார்கள். பெரியம்மாவோ அந்தக் கையால் சொம்புகூடத் தூக்கக் கூடாது என்கிறார். பக்கத்து ஜிம்மில் மூன்று மாத 'கேன்சர் பேக்கேஜ்' 38,000 ரூபாயாம். சேர்க்கட்டுமா?

பதில்: வேண்டாம். நடக்கத் தெருவும் மொட்டை மாடியும் போதும்.

'திரும்பாது' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த ஜிம்காரர் காட்டுவது பெரும்பாலும் 2025-இல் வெளியான ஆய்வாக இருக்கும். 889 பேர், மூன்று வருடப் பயிற்சி. எட்டாவது வருடத்தில் பயிற்சி செய்த குழுவில் சுமார் 90 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், மற்ற குழுவில் 83. நல்ல ஆய்வுதான், ஆனால் அது பெருங்குடல் புற்றுநோய்க்கு. அந்தக் கணக்கை மார்புக்கு அப்படியே ஒட்டி பில் போடுவது வியாபாரம். மார்புப் புற்றுநோயிலும் நடமாட்டமாக இருப்பவர்கள் கூடுதல் காலம் வாழ்வதாகப் பல ஆய்வுகளில் தெரிகிறது. உத்தரவாதம் என்று எதுவும் இல்லை. அசதி குறையும் என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன். பேக்கேஜோடு புரோட்டீன் டப்பாவும் தலையில் கட்டுவார்கள். முட்டை, பருப்பு, சுண்டல் வாங்குங்கள்.

பெரியம்மா சொல்வது பழைய பாடம்: நெறி எடுத்த பக்கத்துக் கையால் எடை தூக்கினால் நிணநீர் தேங்கி வீங்கும் என்ற பயம். ஒரு காலத்தில் நாங்களும் அதைத்தான் சொன்னோம். 2010-இல் வந்த அமெரிக்க ஆய்வில், நெறி எடுத்து வீக்கம் வராத 154 பெண்களில் ஒரு பாதியினர் ஒரு வருடம் எடை தூக்கினார்கள். கை வீங்கியது அவர்களில் 11 சதவீதம், தூக்காதவர்களில் 17. தூக்கியதால் வீக்கம் கூடவில்லை. ஆனால் அவர்கள் மிகச் சிறிய எடையில் தொடங்கி, ஆள் வைத்துக் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல ஏற்றினார்கள். எடுத்தவுடன் குடம் அல்ல.

அம்மா அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பாதி நிரப்பித் தொடங்கட்டும், வாரம் இரண்டு நாள். சுவரில் விரல்களைப் பல்லி மாதிரி மேலே நகர்த்தி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை, முழங்கைக்குப் பத்து சென்டிமீட்டர் மேலேயும் கீழேயும் இரண்டு கைகளையும் தையல்காரர் டேப்பால் அளந்து காலண்டரில் குறியுங்கள். இரண்டு கைக்குமான வித்தியாசம் முன்பைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடினாலோ, வளையல் திடீரென்று இறுகினாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'நிணநீர் மசாஜ்' என்று போர்டு வைத்தவரிடம் அல்ல.

நடை வாரம் 150 நிமிடம் வரை போகட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். முதல் வாரம் பத்து நிமிடமே போதும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் பிடிவாதக்காரன். முதுகிலோ இடுப்பிலோ தொடையிலோ புதிதாக வலி வந்து, ராத்திரி படுத்தாலும் விடாமல் இருந்தால், எல்லாப் பயிற்சியையும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். நோய் எலும்புக்குப் போயிருந்தால், குனிந்து தூக்குவதும் உடம்பை முறுக்குவதும் எலும்பை முறித்துவிடலாம். எலும்பில் பரவியவர்களும் பயிற்சி செய்யலாம், ஸ்கேன் பார்த்த பிறகு, தெரிந்தவர் கண் முன்னால். 'வாயு' என்று தைலம் தேய்த்து ஆறு வாரம் கழித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடந்தபின் வரும் கெண்டைக்கால் வலி வேறு. அது இரண்டு நாளில் போய்விடும்.

இதையெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதித் தர வேண்டும். மாத்திரை பெயர் பத்து வரி இருக்கும், பயிற்சி பற்றி ஒரு வரி இருக்காது. ஓ.பி.யில் மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால் நீங்களே கேளுங்கள்: 'பிசியோதெரபிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்.' அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அதற்குப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. போகும்போது அறுவை சிகிச்சை ரிப்போர்ட்டையும் அந்தக் காலண்டர் தாளையும் எடுத்துப் போங்கள்.