அம்மாயியின் வயதுக் கணக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

என் அம்மாயி (அம்மாவின் அம்மா) 1931இல் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து 2019இல் இறந்தார். அவரைப் பற்றி எழுத ஆசை. கொப்பியில் ஒரு பக்கம் நாட்டு நடப்பையும் மறுபக்கம் அவர் வாழ்க்கையையும் எழுதினேன். ‘கொழுந்து எடுத்தார், தங்கச்சி குடும்பம் இந்தியா போனது’ என்பதற்கு மேல் தேறவில்லை. அவர் அரசியல் பேசியதே இல்லை. எப்படி எழுதுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

நாட்டு நடப்பையும் அம்மாயியின் வயதுக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்.

1947 தேர்தலில் அவருக்கு 16. தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தேர்தல் அது. மறுவருடமே, தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் வந்துவிட்டது. அப்போது ஓட்டுப் போட 21 வயதாக வேண்டும். அம்மாயிக்கு அந்த வயதான 1952இல் தேர்தலும் வந்தது. தோட்டத்து ஆட்களில் பெரும்பாலோரின் பெயர் பட்டியலில் இல்லை. நாடற்றவர்களாக எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 1988இல் வந்தபோது அவருக்கு 57. எந்த வருடம் பிரஜாவுரிமை கிடைத்தது என்று அவருடைய பத்திரத்தைத் தேடிப் பாருங்கள். அரசியல் பேசவில்லை என்கிறீர்கள். ஓட்டில்லாத மனுசியின் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலுக்கு வந்து யார் அரசியல் பேசினார்கள்?

தங்கச்சி போனதை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே! அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும். இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரின் கதையை 1974 வரை தள்ளிப்போட்டார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். போகும்போது தங்கச்சி அம்மியை யாரிடம் கொடுத்தார்? மாட்டை யார் வாங்கினார்கள்? கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய் மறுபடி தேயிலைக்கே வந்தவர்கள் ஏராளம். கடிதம் வந்ததா, அதை அம்மாயிக்கு யார் வாசித்துக் காட்டினார்கள்? 1980களில் கப்பலும் நின்றது. அப்புறம் சாவுச் செய்தி எப்படி வந்து சேர்ந்தது?

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்துக்கு வந்ததை நானென்றால் ஒரு வரியில் தாண்டிவிடுவேன். லயம் அதே லயம்தான். அதற்கு முந்திய பஞ்சத்தைத் தாண்ட மாட்டேன். 1974இல் அவருக்கு 43. அடுப்பில் என்ன வைத்தார் என்று உங்கள் அம்மாவுக்கு நினைவிருக்கும். 1984ஐயும் விடாதீர்கள். பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சம்பளம் வந்த வருடம். 53 வயது வரை உங்கள் அம்மாயி பெண் என்பதற்காகவே குறைந்த பேர்க்காசு (நாட்கூலி) வாங்கியிருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

அவரோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த பாட்டிமார் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்ப் பேசுங்கள். வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். ‘தங்கச்சி கப்பலேறினதுக்கு முந்தியா, பிந்தியா?’ என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், வாசிக்கக் காத்திருக்கிறேன்.